ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு

வேர்டுல மேல ஒரு பட்டன் இருக்கும், ¶ இந்த மாதிரி. டிடிபி சென்டர்ல வேலை பாத்தவங்க யாரைக் கேட்டாலும் இந்தக் கதையை சொல்லுவாங்க, கல்யாணப் பத்திரிகை மேட்டர் அடிச்சிட்டு இருக்கிற யாராவது கண்ட்ரோல், ஷிஃப்ட், எட்டு மூணையும் கை தவறி சேத்து அமுக்கிடுவாங்க, உடனே "சார் பேஜ் பூரா எறும்பு மொய்க்குது, வைரஸ் வந்துருச்சு போல"ன்னு போன் வரும். வைரஸும் இல்ல ஒண்ணும் இல்ல, அந்த எறும்பெல்லாம் நீங்களே அடிச்ச ஸ்பேஸ்தான். எப்பவும் அங்கயேதான் கிடந்துச்சு, இப்பதான் காட்டுது. இப்படி கண்ணுக்குத் தெரியாம கிடக்குற எழுத்தையும், பாக்க ஒண்ணா இருந்து உள்ள வேறயா இருக்கிற தமிழ் எழுத்தையும் பத்தித்தான் இந்தப் பதிவு.

எனக்கு அந்தப் புள்ளியெல்லாம் தெரிஞ்சாத்தான் வேலையே ஓடும். ஸ்பேஸுக்கு நடுவுல ஒரு புள்ளி, டேபுக்கு வலது பக்கம் பாக்குற அம்பு, என்டர் தட்டின இடத்துல ¶, ஷிஃப்டோட என்டர் தட்டினா மடங்கின அம்பு, ரெண்டு வார்த்தையை வரி முடிவுல பிரிய விடாம புடிச்சு வெக்கிற உடையாத ஸ்பேஸ்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அதுக்கு மேல தூக்கி வெச்ச மாதிரி ஒரு குட்டி வட்டம். வேர்டு மாதிரியே இலவசமா கிடைக்கிற லிபர் ஆபீஸ்ல இதையெல்லாம் காட்ட கண்ட்ரோலும் எஃப் பத்தும், அதுல உடையாத ஸ்பேஸுக்கு சாம்பல் கலர்ல பின்னணி வரும், அது எனக்கு வேர்டோட வட்டத்தை விட புடிக்கும், தூரத்துல இருந்தே தெரியும். நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ்னு ஒரு எடிட்டர் இருக்கு, அதுல வியூ மெனுவுக்குள்ள போயி எல்லா எழுத்தையும் காட்டுன்னு சொன்னா ஒவ்வொரு வரி முடிவுலயும் கருப்பு டப்பாக்குள்ள சிஆர், எல்எஃப்னு ரெண்டு வரும்.

அந்த சிஆர் எல்எஃப் எதுக்கு ரெண்டு, ஒரு என்டருக்கு எதுக்கு ரெண்டு எழுத்துன்னு கேக்குறவங்க, தஞ்சாவூர்லயோ மாயவரத்துலயோ லோயர் ஹையர் பரீட்சைக்கு சொல்லிக் குடுக்குற டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஏதாவது ஒண்ணுக்குள்ள எட்டிப் பாக்கலாம். வரி முடிஞ்சதும் இடது பக்கம் இருக்கிற லிவரைத் தள்ளுவாங்க, அதுல ரெண்டு வேலை நடக்கும், உருளை ஒரு வரி மேல சுத்தும், வண்டி மொத்தமும் ஆரம்ப இடத்துக்குத் திரும்பும். டெலிபிரிண்டர்ல இது ரெண்டுக்கும் தனித்தனி கட்டளை, வண்டி திரும்ப சிஆர், அதோட நம்பர் 13, வரி தள்ள எல்எஃப், அதோட நம்பர் 10. பின்னாடி வந்த யூனிக்ஸ் காரங்க 10 மட்டும் போதும்னுட்டாங்க, பழைய மேக் 13 மட்டும்னு வெச்சுக்கிச்சு, விண்டோஸ் ரெண்டையும் விடல. விண்டோஸ் நோட்பேட் 2018 வரைக்கும் வெறும் 10 மட்டும் இருக்கிற ஃபைலைத் திறந்தா எல்லா வரியையும் ஒரே வரியா ஒட்டித்தான் காட்டும், அதைப் பாத்துட்டு ஃபைல் கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டவங்க எத்தனை பேரோ.

விம்னு ஒரு எடிட்டர் பயன்படுத்துறவங்க சில ஃபைல்ல ஒவ்வொரு வரி கடைசியிலயும் தொப்பி போட்ட ஒரு எம் எழுத்தை, ^M இந்த மாதிரி, பாத்திருப்பீங்க. அது எங்கயிருந்து வந்துச்சுன்னா, ஆங்கில அரிச்சுவடியில எம் 13ஆவது எழுத்து, அவ்வளவுதான் சமாச்சாரம். டேப் 9, அதனால அது தொப்பி போட்ட ஐ. எழுத்துக்கு நம்பர் குடுக்குற பழைய ஆஸ்கி பட்டியல்ல 0லேர்ந்து 31 வரைக்கும் இருக்கிற கட்டளை எழுத்துக்கெல்லாம் தனியா உருவம் கிடையாது, அதனால இப்படி ஒரு தொப்பியைப் போட்டு ஆள் அடையாளம் காட்டுறாங்க. சிம்பிளான ஏற்பாடு, இத்தனை வருஷம் கழிச்சும் நல்லாவே ஓடுது.

இது வரைக்கும் சொன்னதெல்லாம் எந்த ஊர் ஆளுக்கும் பொது. நான் எழுத வந்தது வேற. இந்த எடிட்டரெல்லாம் எதைக் காட்டணும்னு முடிவு பண்ணினவங்க ஸ்பேஸ், டேப், என்டர் இந்த மூணு கிட்ட மட்டும்தான் அடி வாங்கியிருக்காங்க போல. தமிழ்ல அழுக்கு வேற மாதிரி ஒட்டுது.

நன்னிலம் பக்கம் ஒரு உழவர் உற்பத்தியாளர் கம்பெனி ஆபீஸ்ல கணக்கு பாக்குற பொண்ணு ஒரு தடவை கூப்பிட்டுச்சு. குறுவைக்கு விதை நெல்லு குடுக்கணும், பங்குப் பணம் கட்டின மெம்பர் லிஸ்ட் ஒரு எக்செல், விதை கேட்டு பதிஞ்சவங்க லிஸ்ட் இன்னொரு எக்செல், ரெண்டாவது எங்கயோ வெப்சைட்லேர்ந்து காப்பி அடிச்சு ஒட்டினது. ஒரு லிஸ்ட்ல இருக்கிற பேரை இன்னொரு லிஸ்ட்ல தேடுற விலுக்அப் ஃபார்முலா போட்டா எக்கச்சக்கமான பேருக்கு இல்ல இல்லன்னு வருது. ஆனா கண்ணால பாத்தா ரெண்டு பக்கமும் அதே ஆளு, அதே ஊரு, அதே அப்பா பேரு.

"அண்ணே ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு, கம்ப்யூட்டருக்கு கண்ணு அவிஞ்சு போச்சா?"

நியாயமான கேள்விதான். நான் ஒரு பேரை எடுத்துக்கிட்டேன், சௌந்தரராஜன். நாகப்பட்டினத்துல சௌந்தரராஜப் பெருமாள் இருக்காரு, அதனால எங்க பக்கம் இந்தப் பேருக்குப் பஞ்சமே இல்ல. எக்செல்ல லென்னு ஒரு ஃபார்முலா இருக்கு, செல்லுக்குள்ள எத்தனை எழுத்துன்னு எண்ணிச் சொல்லும், அதைப் போட்டா முதல் லிஸ்ட்ல 11, ரெண்டாவது லிஸ்ட்ல 13. பாக்க ஒரே பேரு, எங்கயோ ரெண்டு எழுத்து அதிகமா ஒளிஞ்சிருக்கு.

ஒண்ணு சுலபமா மாட்டுச்சு. பேருக்குக் கடைசியில ஒரு உடையாத ஸ்பேஸ், நம்பர் 160. வெப்சைட்லேர்ந்து காப்பி அடிச்சா இது ஓசியில கூடவே வரும். எக்செல்ல டிரிம் போட்டா போயிடும்னு எல்லாரும் சொல்லுவாங்க, போகாது, டிரிம்முக்குத் தெரிஞ்ச ஸ்பேஸ் 32ஆம் நம்பர் மட்டும்தான். சப்ஸ்டிடியூட் போட்டு, 160ஐ கேர் (CHAR) ஃபார்முலாவால குறிச்சு, வெத்தா மாத்தச் சொல்லணும். மாத்தினதும் 13 போயி 12 ஆச்சு. விலுக்அப் அப்பவும் இல்லன்னே சொல்லுது.

மிச்சம் இருந்த அந்த ஒரு எழுத்துக்காகத்தான் இந்தப் பதிவே. நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ்ல ஒட்டி எல்லாத்தையும் காட்டுன்னு சொன்னேன், புள்ளி இல்ல, அம்பு இல்ல, டப்பா இல்ல, சுத்தமான ஃபைல் மாதிரி காட்டுது. அதைக் குத்தம் சொல்லவும் முடியாது, ஏன்னா அங்க கண்ணுக்குத் தெரியாத எழுத்துன்னு எதுவுமே இல்ல. முதல் லிஸ்ட்ல ச போட்டு அதுக்கு ௌ குறி, ஒரே குறியா. ரெண்டாவது லிஸ்ட்ல ச, அதுக்கு ஒத்தைக் கொம்பு, அப்புறம் தனியா ஒரு ள, நம்ம பள்ளம் மேட்டுல வர்ற அதே ள. அதாவது அது சௌந்தரராஜன் இல்ல, செ-ள-ந்தரராஜன். பல ஃபான்ட்ல ரெண்டுக்கும் ஒரே உருவம்ங்கிறதால யாரும் வித்தியாசம் சொல்ல முடியாது, அடிச்ச ஆளுக்கே தெரியாது, பள்ளிக்கூடத்துல எழுதிக் குடுத்ததும் அப்படித்தானே, கொம்பு ச ள.

இதைக் கண்டுபிடிக்க எந்த சாஃப்ட்வேரும் வேணாம், பேக்ஸ்பேஸ் போதும். சௌ முடியுற இடத்துல கர்சரை வெச்சு ஒரே ஒரு தடவை பேக்ஸ்பேஸ் அடிங்க. ச மட்டும் நின்னா அது ஒழுங்கான சௌ. செ நின்னா ள புகுந்திருக்குன்னு அர்த்தம். பெரும்பாலான எடிட்டர்ல பேக்ஸ்பேஸ் ஒரு தடவைக்கு ஒரு குறியைத்தான் அழிக்கும், டெலீட் பட்டன் முழு எழுத்தையும் வாரிக்கிட்டுப் போயிடும், அதனால டெலீட்ல இதைப் பாக்க முடியாது. அம்பு பட்டன் இன்னொரு சோதனை. சௌ மேல அம்பை அமுக்கினா கர்சர் ஒரே தாவா தாவணும், நடுவுல நின்னுச்சுன்னா அங்க தனியா ள இருக்கு. அதே மாதிரி அம்பை அமுக்கியும் கர்சர் நகராம முரண்டு புடிச்சா அங்க அகலமே இல்லாத ஸ்பேஸ் ஏதோ ஒளிஞ்சிருக்கு, 200பி நம்பர் ஆளு, வாட்ஸ்அப் ஃபார்வேர்டுலயும் வெப்சைட்லயும் ஏகப்பட்டது சுத்துது.

கொ, கோ விஷயமும் இருக்கு. கொவை ரெண்டு மாதிரி சேமிக்கலாம், ொ ஒரே குறியா, இல்லேன்னா கொம்பு தனி கால் தனியா. பேக்ஸ்பேஸ் அடிச்சா முதல் மாதிரியில க நிக்கும், ரெண்டாவதுல கெ நிக்கும். எல்லா பாஷை எழுத்துக்கும் தனித்தனி நம்பர் குடுத்த ஏற்பாடு யூனிகோடு, அதை யுடிஎஃப் 8ங்கிற முறையில சேமிச்சா ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், அதனால ஒரு கொ 6 பைட், இன்னொரு கொ 9 பைட். ஆனா இதுக்கு மருந்து இருக்கு, இது ரெண்டும் சமம்னு யூனிகோடே எழுதி வெச்சிருக்கு, என்எஃப்சின்னு ஒரு சீர்படுத்தல், அதை ஓட்டினா எல்லாம் ஒரே மாதிரி ஆயிடும். ௌ குறியையும் இதே மாதிரி கொம்பு தனியா, அதோட வலது பக்க வாலுக்குன்னே ஒதுக்கின குறி தனியா வெச்சிருந்தா அதுவும் சீராயிடும். பிரச்சினை என்னன்னா அந்த வால் குறியும் நம்ம ளவும் பாக்க ஒண்ணு, யூனிகோடுக்கு வேற வேற ஆளு. ள போட்டு அடிச்சதை என்எஃப்சி தொடவே தொடாது. ஔவையாரை ஒ போட்டு ள போட்டு ஒளவையார்னு அடிச்சு வெச்சிருக்கிற பக்கம் எத்தனை இருக்குன்னு தேடிப் பாருங்க, கூகுள்ல நேரத்தைக் கழிக்க நல்ல வழி.

இதைவிடப் பெரிய கூத்து ர். அவர்கள்னு ஒரு வார்த்தையை நியூஸ் சைட்லேர்ந்து காப்பி பண்ணி உங்க எடிட்டர்ல ஒட்டி, அதே அவர்கள்னு நீங்க அடிச்சுத் தேடுங்க. நிறைய தடவை கிடைக்காது. ஏன்னா அவங்க வெச்சிருக்கிறது அவா்கள். பாத்தீங்களா, இங்கயே ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிருக்கேன், உங்க ஃபான்ட்டைப் பொறுத்து வித்தியாசம் தெரியலாம், தெரியாமலும் போகலாம். ரெண்டாவதுல ர இல்ல, கால் போட்டு அதுமேல புள்ளி வெச்சிருக்கு. பழைய அச்சுல ர்ருக்கு கீழ அந்த சாஞ்ச கோடு இருக்காது, கால் மேல புள்ளி வெச்ச உருவம்தான், அதனால பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல டைப் அடிச்சுப் பழகினவங்க ரவுக்கான கீயை விட்டுட்டு காலையும் புள்ளியையும் அடிப்பாங்க, பாக்க லட்சணமா இருக்கும், பேப்பர்ல அச்சானா யாருக்கு என்ன நஷ்டம். அப்புறம் அதை அப்படியே கன்வெர்ட்டர்ல போட்டு யூனிகோடா மாத்தினப்போ காலும் புள்ளியும் காலும் புள்ளியுமாவே வந்து உக்காந்துருச்சு. நெட்டுல இருக்கிற தமிழ்ல எவ்வளவு இப்படி தேடினாலும் கிடைக்காம கிடக்குதுன்னு நினைச்சாலே எனக்கு எரிச்சலா வரும்.

சாதாரணமா தப்பா கோத்தா கம்ப்யூட்டரே கத்தும். ஒரு எழுத்துமேலயும் ஏறாம கால் மட்டும் தனியா நின்னா அதுக்கு முன்னாடி புள்ளி புள்ளியா ஒரு வட்டத்தைப் போடும், மேல நான் ொ, ௌன்னு தனியா எழுதின இடத்துல உங்க ஸ்க்ரீன்லயும் வந்திருக்கும். நம்மாளுங்க அதை ஃபான்ட் கோளாறுன்னு திட்டுவாங்க. என்னைக் கேட்டா தமிழ் எழுத்துக்கு கிடைச்சிருக்கிற ஒரே உருப்படியான காட்டிக்குடுக்கிற வசதி அதுதான், எந்த மெனுவும் திறக்க வேணாம். ஆனா காலுக்கு மேல புள்ளி வெச்சா பெரும்பாலான இடத்துல அந்த வட்டமும் வராது, தமிழ்ல அப்படி ஒரு எழுத்தே கிடையாதுன்னாலும் சத்தமில்லாம வரைஞ்சு குடுத்துடும்.

ஸ்ரீ இன்னொண்ணு. நன்னிலம் பக்கத்துலயே ஸ்ரீவாஞ்சியம் இருக்கு. ரொம்ப நாளா ஸ போட்டு புள்ளி போட்டு ரீ போட்டாத்தான் ஸ்ரீ வந்துச்சு. 2005ல யூனிகோடுல ஶன்னு ஒரு எழுத்து புதுசா சேந்துச்சு, அதை வெச்சும் ஶ்ரீ வரும். சில கீபோர்டு இதைப் போடுது, சில கீபோர்டு அதைப் போடுது. ஊர் ஒண்ணு, உருவமும் பல ஃபான்ட்ல ஒண்ணு, தேடினா ஒண்ணுக்கு இன்னொண்ணு கிடைக்காது.

காலும் ரவும் ஒண்ணா இருக்கிறது இன்னைக்கு நேத்து வந்த தலைவலி இல்லன்னு உ.வே.சா. கதை தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். பாபநாசம் பக்கம் உத்தமதானபுரத்துக்காரர், 1880ல கும்பகோணம் காலேஜ்ல தமிழ் வாத்தியாரா சேந்தவர், அவர் கையில வந்த ஏட்டுச்சுவடியில புள்ளி கிடையாது, ஓலையில புள்ளி குத்தினா கிழியும்னு ஒரு காரணம் சொல்வாங்க. ரவும் காலும் ஒரே கோடு. எகர ஏகாரத்துக்கு ஒரே கொம்பு. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஏலாக்குறிச்சியில இருந்த வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டுலயே நெடிலுக்கு ரெட்டைச் சுழி கொம்பு போட்டாரு, ஆனா பழைய சுவடிக்கு அது எப்படி உதவும். கொம்பு, க, கால், ள, இந்த நாலு கோடு ஓலையில இருந்தா கொள், கோள், கொள, கோள எதுவா வேணா இருக்கலாம், பாட்டோட பொருளையும் யாப்பையும் வெச்சுத்தான் இதுன்னு முடிவு பண்ணணும். அவர் பல ஏட்டை பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுப் பாத்தாரு. நம்ம கையில மிஷின் இருக்கு, அதுக்கு ரவும் காலும் வேறன்னு நல்லாவே தெரியும், யூனிகோடு நம்பர்ல 0பிபி0ங்கிறது ர, 0பிபிஇங்கிறது கால், ஆனா நம்மகிட்ட சொல்றதில்ல.

சொல்ல வைக்க வழி இருக்கு. விம்ல எழுத்து மேல கர்சரை வெச்சு ஜி, ஏ ரெண்டையும் தட்டினா கீழ அந்த எழுத்துல என்னென்ன குறி இருக்கோ அத்தனைக்கும் நம்பர் வரும், அகலமில்லாத ஸ்பேஸை எல்லாம் கோணல் அடைப்புக்குள்ள நம்பராவே காட்டிடும். புரோகிராம் எழுதுற எடிட்டரான விஎஸ் கோடுல 2021 கடைசியில ஒரு வசதி வந்துச்சு, கண்ணுக்குத் தெரியாத எழுத்து இருந்தா அதைச் சுத்தி கட்டம் போட்டுக் காட்டும். அது வந்த சமயமும் கவனிக்கணும், கேம்பிரிட்ஜ் யூனிவர்சிட்டியில நிக்கலஸ் பௌச்சரும் ராஸ் ஆண்டர்சனும், வலமிருந்து இடமா எழுதுற பாஷைக்காக வெச்சிருக்கிற திசை மாத்துற குறிகளை புரோகிராமுக்குள்ள ஒளிச்சு வெச்சா, படிக்கிறவனுக்கு ஒண்ணும் மிஷினுக்கு வேற ஒண்ணுமா தெரியும்படி செய்யலாம்னு அப்பதான் வெளியில சொன்னாங்க. இந்தத் திசைக் குறி நம்ம ஊர்லயும் சாதாரணமா மாட்டும், வாட்ஸ்அப்ல இருந்து போன் நம்பரை காப்பி பண்ணி எக்செல்ல ஒட்டினா நம்பருக்கு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு உக்காந்திருக்கும், பத்து இலக்க நம்பர் ஏன் பத்து இல்லன்னு தலையைச் சொறிஞ்சுக்கிட்டு இருப்போம். பழைய விண்டோஸ் நோட்பேட்ல கூட ரைட் கிளிக் பண்ணினா யூனிகோட் கட்டளை எழுத்தைக் காட்டுன்னு ஒரு வரி இருந்துச்சு, அதை யாரும் கிளிக் பண்ணி நான் பாத்ததில்ல.

நன்னிலம் லிஸ்டுக்கு திரும்ப வர்றேன். அந்தப் பொண்ணு கேட்டது, "இதெல்லாம் எதுக்குண்ணே காட்டிக்கிட்டு, ஒரேயடியா மாத்திக் குடுத்துடுங்களேன்." கால் மேல புள்ளிய தாராளமா மாத்தலாம், அப்படி ஒரு எழுத்து தமிழ்லயே இல்ல, அதனால எங்க பாத்தாலும் ர்ருன்னு மாத்திட்டுப் போயிடலாம், மாத்தினேன். 160ஆம் நம்பர் ஸ்பேஸும் அப்படித்தான். ஆனா கொம்பும் ளவும் சேந்து வர்ற இடத்தையெல்லாம் ௌன்னு மாத்துன்னு சொன்னா வெள்ளம் வௌ்ளம் ஆயிடும், கெளுத்தி மீன் செத்துடும், மருந்து தெளிக்கிறதும் போச்சு, வெள்ளாமையும் போச்சு. சரி, ளவுக்கு மேல புள்ளியோ கொக்கியோ வேற எந்தக் குறியோ இல்லாத இடத்துல மட்டும் மாத்துன்னு கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கலாம், கௌசல்யா, கௌரி, சௌந்தரராஜன் எல்லாம் அதுல சரியா விழுந்துடும். ஆனா லிஸ்ட்ல குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல நம்மாளுங்க பேசுற மாதிரியேல்ல எழுதி வெச்சிருக்காங்க, "நல்லா வெளஞ்சது", "கெளம்பி வர்றேன்னாரு"ன்னு. அங்கயும் கொம்புக்கு அப்புறம் சுத்தமான ள, குறி எதுவும் இல்ல, அதுவும் சரியான தமிழ்தான்.

அதனால இதை மட்டும் நான் மாத்தலை. நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ்ல தேடுற டப்பாவுலயே மார்க்னு ஒரு டேப் இருக்கு, அதுல அந்தப் பேட்டர்னைக் குடுத்து எல்லா இடத்துலயும் கலர் அடிக்க மட்டும் சொன்னேன். எடிட்டர் வேலை அதோட முடிஞ்சுது, அது காட்டட்டும், எது பேரு எது பேச்சுன்னு ஆளைத் தெரிஞ்சவங்க முடிவு பண்ணட்டும். அந்தப் பொண்ணுக்கு அத்தனை மெம்பரையும் தெரியும், கலர் விழுந்த இடத்தையெல்லாம் ஒண்ணொண்ணா பாத்து பேருல இருக்கிறதை மட்டும் மாத்திட்டு, குறிப்புல இருந்த வெளஞ்சதை அப்படியே விட்டுட்டு, விலுக்அப்பை மறுபடியும் ஓட்டுச்சு. மிச்சம் சில பேருக்கு அப்பவும் இல்லன்னு வந்துச்சு. அவங்க நிஜமாவே பங்குப் பணம் கட்டலை.